கால் எட்டாத வண்டிகள்

1980இல் பிஎம்டபிள்யூ நிறுவனம் ஆர் 80 ஜி/எஸ் என்ற மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. தார்ச்சாலையிலும் ஓடும், சாலை முடிந்த பிறகும் ஓடும் என்று சொல்லி விற்ற வண்டி அது. இன்று அட்வெஞ்சர் பைக் என்று நாம் அழைக்கும் வகையின் தலைமகன் என்றே அதைச் சொல்லலாம். அதன் இருக்கை தரையிலிருந்து 860 மி.மீ. உயரத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே வம்சத்தில் வந்த ஆர் 1250 ஜிஎஸ்ஸின் இருக்கை 850 மி.மீ. ஹோண்டா ஆப்பிரிக்கா ட்வினில் 850 முதல் 870. யமஹா டெனெரே 700இல் 875. இடைப்பட்ட காலத்தில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. பின்சக்கர டிரம் பிரேக் போய் ஏபிஎஸ் வந்தது. 50 குதிரைத்திறன் 136 ஆனது. இருக்கை மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கரடுமுரடான நிலத்தில் ஓட வேண்டிய வண்டி, உயரமாகத்தானே இருந்தாக வேண்டும் என்று இதற்குச் சுலபமாக ஒரு காரணம் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, ஒரு பந்தயத்தின் பழக்கமும் ஒரு கண்டத்து மனிதர்களின் கால் நீளமும் சேர்ந்து உண்டாக்கிய மரபு. அந்த மரபு எப்படி வந்தது, யார் தலையில் அதன் பாரம் விழுந்தது, எங்கே அது உடையத் தொடங்கியது என்று பார்த்தால், நிலத்தின் தேவை எது, வழக்கத்தின் பிடிவாதம் எது என்று பிரித்துவிடலாம்.

முதலில் உடம்பின் கணக்கு. உலக நாடுகளின் மனித உயரத்தை ஒப்பிட்டு 2016இல் வெளியான பெரிய ஆய்வின்படி, 1996இல் பிறந்த நெதர்லாந்து ஆணின் சராசரி உயரம் ஏறக்குறைய 182 செ.மீ. இந்திய ஆணுக்கு 165, இந்தியப் பெண்ணுக்கு 153. கவட்டிலிருந்து குதிகால் வரையிலான நீளம் மொத்த உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது 76 செ.மீ. அளவில் இருக்கும், கனத்த பூட்ஸ் போட்டால் இரண்டு மூன்று செ.மீ. கூடும். 860 மி.மீ. உயரத்தில் உட்கார்ந்தால் பாக்கியுள்ள இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புவது? நெதர்லாந்துக்காரருக்கு முன்பாதம் முழுசாகத் தரையில் பதியும். நம் சராசரி ஆணுக்கு இரண்டு கட்டை விரல் நுனிகள் தொடும், அல்லது ஒரு பக்கமாகச் சரிந்து ஒரு காலை ஊன்ற வேண்டிவரும். நம் சராசரிப் பெண்ணுக்கு அதுவும் கிடையாது. ஆக, இந்த நாட்டில் பெரும்பான்மை மக்களை ‘உயரம் குறைந்த ஓட்டுநர்’ என்ற சிறுபான்மையாக மாற்றிக் காட்டும் வேலையை இந்த ஒரே எண் செய்துவிடுகிறது.

நெடும்பயணத்துக்கு உயர்ந்த இருக்கை வேண்டும் என்ற எண்ணம் பழையதல்ல. அமெரிக்கரான ராபர்ட் எடிசன் ஃபுல்டன் 1932இல் லண்டனிலிருந்து புறப்பட்டு இந்தியா வழியாக டோக்கியோ போனது டக்ளஸ் மோட்டார் சைக்கிளில். அந்தக் காலத்து வண்டிகளில் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே கிடையாது. சட்டத்தோடு சக்கரம் நேராக முடுக்கப்பட்டிருக்கும், இருக்கைக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங் இருக்கும், அவ்வளவுதான். 1973இல் பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஆன்-ஃபிரான்ஸ் டோத்வில் தனியாக உலகைச் சுற்றியது கவாசாக்கி 125இல். அதே ஆண்டு லண்டனை விட்டுக் கிளம்பிய டெட் சைமன், நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் கி.மீ. ஓட்டியது 500 சிசி டிரையம்ஃப் டைகரில். அதுவும் காவல்துறைக்கென்று செய்த சாலை வண்டி. அதன் பின்சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம் மூன்று நான்கு அங்குலத்தைத் தாண்டாது. இந்தப் பயணங்கள் சொகுசாக இருந்தன என்று யாரும் சொல்லவில்லை. சக்கரக் கம்பிகள் முறிந்தன, இடுப்பு நொந்தது. ஆனாலும் ஆப்பிரிக்க மண்பாதையும் ஆப்கானிஸ்தானத்துக் கல்பாதையும் தாழ்ந்த வண்டிகளுக்கு வழிவிட்டன. நம் நாட்டு ராணுவத்துக்காக 1955இல் சென்னை திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கிய புல்லட்டும் அந்த ரகம்தான். லடாக் பாதைகளைப் பல தலைமுறைகள் பார்த்தது அந்த வண்டியில்தான். அதன் இன்றைய வாரிசான கிளாசிக் 350இல் இருக்கை 805 மி.மீ.

உயரம் நுழைந்த வாசல் மோட்டோகிராஸ் பந்தயம். லூசியன் டில்கென்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த ஷாக் அப்சார்பர்களை எடுத்துவிட்டு, பெட்ரோல் டாங்குக்கு அடியில் நீளமான ஒரே ஷாக்கைப் படுக்கவைத்தார். யமஹா அதை வாங்கிக்கொண்டது. 1973இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹோகன் ஆண்டர்சன் அந்த அமைப்புடன் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அதற்குப் பிறகு நடந்தது ஆயுதப் போட்டி போல. அதுவரை ஏறக்குறைய 100 மி.மீ. அசைந்த பின்சக்கரம், எழுபதுகள் முடிவதற்குள் 300 மி.மீ. அசையத் தொடங்கியது. சக்கரம் அவ்வளவு தூரம் மேலே வர வேண்டுமென்றால் அதற்கு மேலே காலி இடம் வேண்டும். காலி இடத்துக்கு மேலே மட்கார்டு, அதற்கு மேலே இருக்கை. சக்கரத்தின் அசைவு கூடக் கூட இருக்கையும் கூடவே ஏறியது. மோட்டோகிராஸில் இது ஒரு குறையே இல்லை. 110 கிலோ எடையுள்ள வண்டி, அரை மணி நேரப் பந்தயம், ஓட்டுபவர் பெரும்பாலும் நின்றுகொண்டே ஓட்டுவார், நடுவில் எங்கும் நிறுத்துவதில்லை. நிற்பது புறப்படும் இடத்தில் மட்டும்தான். அங்கேகூட உயரம் குறைந்த வீரர்கள் காலடியில் கட்டை வைத்துக்கொள்வது வழக்கம். பந்தய உலகம் தன் சொந்த வீரர்களுக்கே கட்டை போட்டுத்தான் இந்த உயரத்தை வைத்திருக்கிறது என்பதை, அதே உயரத்தைப் பயண வண்டியில் ஏற்றியவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஏற்றியது பாரிஸ்-டாக்கர் பந்தயம். 1977இல் ஒரு பந்தயத்தின்போது லிபியப் பாலைவனத்தில் வழிதவறி உயிர்பிழைத்த தியரி சபீன், அடுத்த ஆண்டு டிசம்பர் 26 அன்று தன் சொந்தப் பந்தயத்தைப் பாரிஸிலிருந்து தொடங்கிவைத்தார். முதல் இரண்டு முறையும் வென்றவர் யமஹா எக்ஸ்டி 500 ஓட்டிய சிரில் நெவே. மூன்றாம் ஆண்டு, 1981இல், யூபேர் ஓரியோல் பிஎம்டபிள்யூவில் வென்றார். 1983இல் மறுபடியும் வென்றார். கடைகளில் அதன் எதிரொலி உடனே கேட்டது. 1983இல் யமஹா எக்ஸ்டி 600 டெனெரே 30 லிட்டர் டாங்குடனும், முன்சக்கரம் 255 மி.மீ. அசையும் ஃபோர்க்குடனும் வந்தது. 1984இல் பிஎம்டபிள்யூ 32 லிட்டர் டாங்க் வைத்து, பந்தயத்தின் பெயரையே சூட்டி ஒரு பதிப்பை விற்றது. மணல்மேட்டில் மணிக்கு 130 கி.மீ. வேகத்தில் பறந்து இறங்கும் வண்டிக்கு அந்த சஸ்பென்ஷன் தேவை. நானூறு கி.மீ.க்குப் பெட்ரோல் பங்க் இல்லாத இடத்தில் அந்த டாங்கும் தேவை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் போனது ஆல்ப்ஸ் மலைப் பாதைகளுக்கும் அலுவலகத்துக்கும். அவர்களுக்குத் தேவையாக இருந்தது தோற்றம், கொஞ்சம் நிமிர்ந்த உட்காருமிடம், மண்பாதையில் தடுமாறாத சக்கரம். மூன்றும் கிடைத்தன, உயரம் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஜெர்மானிய, டச்சு, அமெரிக்க வாடிக்கையாளருக்கு அது உறுத்தாததால் யாரும் அதைக் கேள்வி கேட்கவும் இல்லை.

இந்த இடத்தில் வழக்கமாக எழும் மறுப்பு ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. 1984, 1985 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிஎம்டபிள்யூவில் டாக்கர் பந்தயத்தை வென்ற கஸ்தோன் ராஹியே ஏறக்குறைய 164 செ.மீ. உயரம்தான். நம்மூர்ச் சராசரி ஆணைவிட அரை விரற்கடை குறைவு. அவர் ஓட்டியது கடையில் விற்றதைவிட உயரமான, டாங்க் நிறைந்தால் மலைபோல் கனக்கும் பந்தய வண்டி. வண்டியை நகரவிட்டுக் கூடவே ஓடி, பக்கவாட்டில் நீட்டியிருக்கும் சிலிண்டர்மேல் கால்வைத்துத் தாவி ஏறுவார் என்று பந்தய உலகில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவரால் முடிந்தது உனக்கு ஏன் முடியாது, உயரத்தைக் குறை சொல்லாதே, ஓட்டக் கற்றுக்கொள் என்பதே மறுப்பின் சாரம். ராஹியே அதற்கு முன் மூன்று முறை 125 சிசி மோட்டோகிராஸ் உலகச் சாம்பியனாக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் இந்த உதாரணத்தைச் சொல்வது நியாயமில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. ராஹியேயின் வெற்றி காட்டுவது, ஓடுகிற வண்டிக்கு இருக்கை உயரம் ஒரு பொருட்டல்ல என்பதை. அதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. உயரம் கணக்கில் வருவது வண்டி நிற்கும்போது. பந்தய வீரர் நாள் முழுதும் சில முறை நிற்பார், நிற்குமிடத்தில் பிடித்துக்கொள்ள ஆளும் இருக்கும். பயணம் போகிறவரோ சிக்னலில் நிற்பார், சரிவில் திரும்புவார், சரளைக்கல் பரவிய ஓரத்தில் படம் எடுக்க நிறுத்துவார், பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பெட்டியுமாக நிற்பார்.

நிற்கும் வண்டியின் இயற்பியலைக் கொஞ்சம் பார்க்கலாம். 250 கிலோ வண்டி, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். வண்டி 10 பாகை சாய்ந்தால், இடுப்பு உயரத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ 29 கிலோ பாரத்துக்குச் சமமான விசை வேண்டும். 20 பாகை சாய்ந்தால் 57 கிலோ. 110 கிலோ மோட்டோகிராஸ் வண்டியில் அதே 10 பாகைக்கு 13 கிலோ போதும். இப்போது ஒரு காலை மட்டும் ஊன்றும் உத்தியை இதோடு சேர்த்துப் பாருங்கள். கால் நீளமானவருக்கு வண்டி கொஞ்சம் சாய்ந்தாலே பாதம் தரையில் பதிந்துவிடும். குட்டையானவருக்கு வண்டி கூடுதலாகச் சாய்ந்த பிறகே பாதம் தரையைத் தொடும். அதாவது, தரையைத் தொடும் அந்தக் கணத்தில் அவர் தாங்க வேண்டிய பாரமும் மற்றவருக்கு இருப்பதைவிட அதிகம். உத்தி உண்மையில் பயன்படுகிறது. சமதளத்தில், உலர்ந்த சாலையில், தனியாக ஓட்டும்போது தாராளமாகப் போதும். கால் ஊன்றும் பக்கத்தில் தரை ஒரு சாண் பள்ளமாக இருந்தால் உத்தி தெரிந்தவரும் வண்டியைக் கீழே போடுவார். பழகிக்கொள் என்று சொல்கிறவர்களின் அறிவுரை இந்த ஒரு சாண் பள்ளத்துக்கு வழி சொல்வதில்லை.

குட்டையானவருக்கு இன்னொரு அநியாயமும் நடக்கிறது. விற்பனைத் தாளில் அது தெரியாது. சஸ்பென்ஷன் என்பது ஆள் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சம் அமுங்க வேண்டும். மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அமுங்குவது நல்லது என்பது மெக்கானிக்குகள் கைக்கொள்ளும் கணக்கு. 200 மி.மீ. அசையும் வண்டி 60 மி.மீ. இறங்க வேண்டும். ஆனால் அந்த ஸ்பிரிங், 80 கிலோ ஆளையும் அவருடைய பெட்டிகளையும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. உயரம் குறைந்தவர் பெரும்பாலும் எடையும் குறைந்தவர். 55 கிலோ உள்ள பெண் ஏறி உட்கார்ந்தால் அது ஒன்று ஒன்றரை செ.மீ. குறைவாகவே இறங்கும். இருக்கை உயரம் என்ற அச்சிட்ட எண் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க, உண்மையான உயரம் கால் எட்டாதவருக்குத்தான் கூடுதலாக அமைகிறது. அகலமும் அப்படித்தான். டாங்கோடு சேரும் இடத்தில் இருக்கை அகன்றிருந்தால் கால் வளைந்து வெளியே போய்த்தான் கீழே இறங்க முடியும்; 850 மி.மீ. ஒல்லி இருக்கையில் எட்டுகிற கால் 830 மி.மீ. அகல இருக்கையில் எட்டாமல் போகலாம். ஒரு பாதத்திலிருந்து இருக்கையைச் சுற்றி மறு பாதம் வரை அளந்த வளைவு நீளத்தையும் பிஎம்டபிள்யூ தன் விவரப் பட்டியலில் தருகிறது. பாராட்ட வேண்டிய பழக்கம். மற்றவர்கள் ஏன் தருவதில்லை என்பது விளங்கவில்லை.

எண்பதுகளிலிருந்து இந்தச் சுமையைத் தங்கள் செலவில் தீர்த்துக்கொண்டவர்கள் வண்டி வாங்கியவர்களே. இருக்கையின் ஸ்பாஞ்சை வெட்டினார்கள். ஃபோர்க்கைத் தளர்த்தி மேலே தள்ளி முன்பக்கத்தை இறக்கினார்கள். பின் ஷாக்கோடு சேரும் லிங்க் தகடுகளை, நம்மூரில் டாக்போன் என்பார்களே அதை, நீளமானதாக மாற்றிப் பின்பக்கத்தை இறக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. ஸ்பாஞ்சு போனால் இருநூறு கி.மீ. தாண்டியதும் எலும்பு வலிக்கும். லிங்க் மாற்றினால் ஷாக்கின் நெம்புகோல் விகிதம் மாறி ஸ்பிரிங் மெத்தென்று ஆகிவிடும், பெரிய பள்ளத்தில் டயர் மட்கார்டில் இடிக்கும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறக்காவிட்டால் ஹேண்டில் பாரின் குணமே மாறும். சைடு ஸ்டாண்ட் நீளமாகிவிட்டதால் வண்டி செங்குத்தாக நின்று காற்றடித்தால் மறுபக்கம் விழும்; ஸ்டாண்டை அறுத்துப் பற்றவைக்க வேண்டும். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று கேட்பார்களே, அந்தக் கேள்வியைப் பட்டறையில் யாரும் கேட்கவில்லை. கவாசாக்கி கேஎல்ஆர் 650 இதற்கு நல்ல சான்று. 1987இல் வந்தபோது அதன் இருக்கை 889 மி.மீ.; 2018 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. தாழ்ந்த சஸ்பென்ஷனுடன், சுமார் 815 மி.மீ. இருக்கையுடன் தொழிற்சாலையே ஒரு வகையைக் கொடுத்தது 2023இல்.

செய்ய முடியாததால் செய்யாமல் விட்டார்கள் என்றால் மன்னிக்கலாம். 1996இல் வந்த சுசூகி டிஆர் 650 எஸ்இ-யில் பின் ஷாக்கைப் பூட்டுவதற்கு இரண்டு இடங்கள் வைத்திருந்தார்கள். மாற்றிப் பூட்டி, ஃபோர்க்கிலும் அதற்கேற்ற வேலை செய்தால் இருக்கை 885இலிருந்து 845க்கு இறங்கும். ஒரு துளையும் ஒரு போல்ட்டும் கூடுதல் செலவு. தொழில்நுட்பம் என்று சொல்லவே கூச்சப்பட வேண்டிய எளிமை. ஜப்பானில் யமஹா அதற்கும் பதினோரு ஆண்டுகளுக்கு முன், 1985இல், இன்னும் துணிச்சலான வேலை செய்திருந்தது. செரோ என்ற 225 சிசி வண்டிக்கு ஜப்பானிய மலையாட்டின் பெயரை வைத்தது. இருக்கை 810 மி.மீ., எண்ணெய் பெட்ரோல் இல்லாமல் எடை நூறு கிலோவை ஒட்டி. அதன் வடிவமைப்பாளர்கள் முன்வைத்த கருத்து இரண்டு சக்கரம், இரண்டு கால் என்பது: மலைப் பாதையில் கடினமான இடம் வந்தால் ஓட்டுபவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தள்ளித் தள்ளிப் போக வேண்டும்; அது தோல்வி அல்ல, ஓட்டும் முறை. டாக்கர் பந்தயம் உச்சத்தில் இருந்த அதே ஆண்டுகளில், எல்லா நிறுவனங்களும் உயரத்தை வீரத்தின் அளவுகோலாக விற்ற காலத்தில், இந்தச் சிறு வண்டி காலைக் கட்டுப்பாட்டுக் கருவியாகக் கணக்கில் சேர்த்தது. 2020இல் கடைசிப் பதிப்பு வரும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அது விற்றது. உயரமில்லாமல் மலை ஏற முடியாது என்ற வாதத்துக்கு இதைவிட நீண்ட பதில் வேண்டியதில்லை.

ஐரோப்பா தாழ்ந்த இருக்கையை ஏற்றுக்கொண்ட விதம் வேறு. 2008இல் பிஎம்டபிள்யூ ஒரே 798 சிசி என்ஜினில் இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்தது. எஃப் 800 ஜிஎஸ்: இருக்கை 880 மி.மீ., 85 குதிரைத்திறன், முன்னால் இரட்டை டிஸ்க். எஃப் 650 ஜிஎஸ்: இருக்கை 820, கேட்டால் 790, சஸ்பென்ஷனையும் இறக்கித் தந்தால் 765. ஆனால் என்ஜினின் பலத்தை 71க்குக் குறைத்து, ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு, 798 சிசி வண்டிக்கு 650 என்று பெயரும் வைத்தார்கள். விலை குறைவு, புதிதாக ஓட்டுபவருக்கு ஏற்றது என்ற வணிகக் காரணம் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. வண்டியும் நல்ல வண்டிதான். ஆனால் 160 செ.மீ. உயரமுள்ள, இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு அந்தக் கடையில் கிடைத்த செய்தி என்ன? கால் எட்ட வேண்டுமானால் பலத்தையும் பிரேக்கையும் விட்டுக்கொடு என்பதுதான். உயரமும் திறமையும் ஒன்றே என்ற குழப்பம் இப்படித்தான் விலைப்பட்டியலில் போய் உட்கார்ந்தது. இந்த வகையில் பல வண்டிகள் வந்தன. தாழ்ந்தது என்றாலே தொடக்கக்காரருக்கானது, பெண்களுக்கானது, கொஞ்சம் குறைந்தது என்று பொருள்படும்படி அவை விற்கப்பட்டன.

இருந்தாலும் மறுப்பின் வலுவான பாதி இன்னும் மிச்சம் இருக்கிறது. பாறை மேல் ஏறும்போது என்ஜினின் அடிவயிறு தட்டக்கூடாது; அதற்கு கிரவுண்ட் கிளியரன்ஸ் வேண்டும். வேகமாகப் போனால் சக்கரம் அசைய இடம் வேண்டும். இரண்டையும் கூட்டினால் இருக்கை உயரத்தான் செய்யும். இதை மறுக்க முடியாது. சஸ்பென்ஷனை வெட்டிக் குறைத்த வண்டி கற்பாதையில் தட்டும், அதை ஓட்டும் குட்டையானவருக்கே முதலில் அடி விழும். மறுக்கக்கூடியது, இந்த மூன்று எண்களும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை என்ற நம்பிக்கையை. 2016இல் ராயல் என்ஃபீல்டு வெளியிட்ட ஹிமாலயனை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு அருகே செய்த வண்டி. முன்சக்கரம் 200 மி.மீ., பின்சக்கரம் 180 மி.மீ. அசையும். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220 மி.மீ. இருக்கை 800. டெனெரே 700இல் அசைவு 210, 200, கிளியரன்ஸ் 240, இருக்கை 875. இருபது மி.மீ. வித்தியாசத்துக்கு எழுபத்தைந்து மி.மீ. ஏற்றம். இடைவெளி எங்கே போனது? ஹிமாலயனில் டாங்குக்குப் பின்னால் இருக்கையைப் பள்ளமாக இறக்கினார்கள், பின்சக்கரம் 17 அங்குலத்தில் நின்றது. இரட்டை சிலிண்டர் என்ஜினும் பெரிய ஏர்ஃபில்டர் பெட்டியும் இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாக இறக்கியிருக்க முடியாது. அதன் 24.5 குதிரைத்திறன் நெடுஞ்சாலையில் திணறும், எடையும் 190 கிலோவுக்கு மேல். இன்னொரு விலையும் உண்டு: இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையே தூரம் குறைவதால் ஆறடி ஆளுக்கு முழங்கால் மடங்கி வலிக்கும், எழுந்து நின்று ஓட்டும்போது குனிய வேண்டியிருக்கும். ஆக, தாழ்ந்த இருக்கை இலவசம் அல்ல. ஆனால் உயர்ந்த இருக்கையும் ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. அதன் விலையை நாற்பது ஆண்டுகள் குட்டையானவர்கள் கட்டினார்கள். ஹிமாலயனில் ரசீது நெட்டையானவர் பெயருக்கு மாறியது.

நிறுவனங்களே இந்த மரபை உள்ளூரச் சந்தேகித்தன என்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் வந்த பிறகு சான்று கிடைத்தது. 2021இல் ஹார்லி-டேவிட்சன் பான் அமெரிக்காவில், வண்டி நிற்கப்போகிறது என்று தெரிந்ததும் சஸ்பென்ஷனை 25 முதல் 50 மி.மீ. வரை இறக்கும் ஏற்பாடு வந்தது. 2023இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 1300 ஜிஎஸ்ஸில் விருப்பப்பட்டால் பெறக்கூடிய இதே போன்ற ஏற்பாடு, வேகம் 25 கி.மீ.க்குக் கீழே போனால் 30 மி.மீ. இறங்கி, 50ஐத் தாண்டினால் மறுபடி ஏறிக்கொள்ளும். நேர்த்தியான பொறியியல், சந்தேகமில்லை. ஆனால் பார்க்க வேண்டியது அது ஒப்புக்கொள்ளும் உண்மையை. நிற்கும் வண்டிக்கு அந்த உயரம் தேவையில்லை, ஓடும்போது மட்டும்தான் தேவை என்று சொல்வதற்கு நான்கு தசாப்தமும் சென்சாரும் மோட்டாரும் தேவைப்பட்டன. விலையுயர்ந்த வண்டிகளின் மேல்தட்டு வகைகளில்தான் அது கிடைக்கிறது. கால் எட்டாததற்கு முன்பு வெட்கப்பட வேண்டியிருந்தது. இப்போது பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

விலை குறைந்த வண்டிகளின் பக்கம், குறிப்பாக இந்தியச் சந்தையில், மாற்றம் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. கேடிஎம் 390 அட்வெஞ்சர் 2020இல் இங்கே வந்தபோது இருக்கை 855 மி.மீ.; மூன்றே ஆண்டுகளில் 830 மி.மீ. இருக்கையுடன் தாழ்ந்த வகை ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தார்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஹிமாலயனில் பின்சக்கர அசைவு 200 மி.மீ., கிளியரன்ஸ் 230 ஆக ஏறியது. இருக்கையும் 825க்கு ஏறியது. ஆனால் 845க்கு உயர்த்தவும் தாழ்ந்த இருக்கை வாங்கி 805க்கு இறக்கவும் வழிவைத்தார்கள். மெல்ல ஏறுகிறார்களே என்ற கவலைக்கு இடமிருக்கிறது. 800 என்பது அந்த வண்டியின் அடையாளமாகவே இருந்தது. ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200இல்தான் வரிசை முழுதாகத் தலைகீழானது. 2019இல் வந்த அடிப்படை வண்டியில் முன்சக்கரம் 190 மி.மீ., பின்சக்கரம் 170 மி.மீ. அசையும், இருக்கை 823. அதே வண்டியின் பந்தயத்துக்கேற்ற வகையில் முன்னால் 250, பின்னால் 220, இருக்கை 891. மணலிலும் பாறையிலும் வேகமாகப் போக நினைப்பவருக்கு அந்த அசைவு நிஜமாகவே பயன்படும். அவர் கூடுதல் விலை கொடுத்து அதைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்.